மலையும் விழுமா?

லின்னேயஸ் டிரைப் எடுத்த தஞ்சாவூரில் ஆட்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோபுரம் இருக்கிறது, மதில் இருக்கிறது, ஊர் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கிறது. 1858-இல் பெரிய கோயில் வாசலில் ஒரு பூக்காரி, மாடு ஓட்டிப்போகிற ஒரு பையன்கூடவா இருந்திருக்க மாட்டார்கள்? இருந்திருப்பார்கள். லென்ஸின் துளை சின்னதாக இருந்ததால் படத்தில் விழாமல் போனார்கள்.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியில் கேமராவையும் மெழுகேற்றிய காகிதங்களையும் ரசாயனக் குப்பிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். அத்தனை பெரிய காகிதத்தை நிரப்பக் குவியத் தூரம் நீண்ட லென்ஸ் வேண்டும். குவியத் தூரம் நீண்டால் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிவிடும். அருகிலிருக்கும் படிக்கட்டும் தூரத்துக் கோபுர உச்சியும் சேர்ந்து தெளிய வேண்டுமென்றால் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறுத்தால் வெளிச்சம் குறையும். ஏற்கெனவே மந்தமான அந்தக் காகிதம் நிமிஷக் கணக்கில் வெளிச்சத்தைக் குடித்தால்தான் படம் பிடிக்கும். அந்த நிமிஷங்களுக்குள் வந்து போனவர்கள் யாரும் பதியவில்லை. நின்ற கல் பதிந்தது.

ஆழத்துக்கு நேரத்தை விலையாகக் கொடுக்கிற இந்த வியாபாரம் இன்றைக்கும் கேமராவுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விலை மலிந்திருக்கிறது, அவ்வளவுதான். டிரைப் போன ஊர்களில் சிலவற்றை என் வசதிப்படி வரிசை மாற்றி, பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் சுற்றி வந்தது இந்தக் கணக்கைக் கையால் தொட்டுப் பார்க்கத்தான். அவர் நின்ற இடத்திலேயே நின்று அதே படத்தைத் திரும்ப எடுக்கும் ஆசையெல்லாம் எனக்கில்லை. அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குள் காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கல் தளம் காலைச் சுட்டுவிடும். பாய் விரித்த பாதையை விட்டு இறங்கிப் படமெடுப்பவன் குதித்துக் குதித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நந்தி மண்டபத்துக்குப் பின்னால் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தேன். படியின் விளிம்பு கிட்டத்தில், ஒற்றைக் கல் நந்தி நடுவில், ராஜராஜனின் விமானம் தூரத்தில். எல்லோரும் எடுக்கிற படம்தான். ஆழத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

எண்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஃப்/2 என்றால் லென்ஸின் குவியத் தூரத்தில் பாதி அகலத்துக்குத் துளை திறந்திருக்கிறது என்று பொருள். 50 மி.மீ. லென்ஸில் அது 25 மி.மீ. எஃப்/8 என்றால் எட்டில் ஒரு பங்கு, 6 மி.மீ.க்குச் சற்று அதிகம். எண் ஏறினால் துளை இறங்குவதால்தான் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் தடுமாறுகிறார்கள். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும், தெளிவின் ஆழம் கூடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தூரத்துப் பஸ்ஸின் போர்டு தெரிகிறதே, அதே சங்கதி. துளை சிறுத்தால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கற்றையும் மெலிகிறது. ஃபோகஸ் சற்றே தவறிய இடத்திலும் அந்தப் புள்ளி பெரிய வட்டமாகப் பரவாமல் கிட்டத்தட்டப் புள்ளியாகவே நிற்கிறது.

24 மி.மீ. லென்ஸ், எஃப்/11, ஃபோகஸ் ஒன்றேமுக்கால் மீட்டரில். இப்படி வைத்தால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 90 செ.மீ. தொடங்கி அடிவானம் வரைக்கும் தெளிவு. இதைத்தான் ஹைப்பர்ஃபோகல் தூரம் என்கிறார்கள். பலர் இந்த இடத்தில் விமானத்தைப் பார்த்து ஃபோகஸ் வைக்கிறார்கள். தூரத்தைத் தாண்டி இன்னும் தூரத்துக்குப் போகும் தெளிவு யாருக்கும் பயன்படாது. கிட்டத்துப் படி மட்டும் கலங்கிப் போகும். படிக்குச் சற்று அப்பால் வைத்தால் இரண்டும் கிடைக்கும். காலை வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் விநாடியில் 200-இல் ஒரு பங்கு வந்தது. டிரைப் நிமிஷக் கணக்கில் கொடுத்த விலை இங்கே கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. ஆகவே என் படத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். மொட்டை போட்ட ஒரு குடும்பம், சந்தனம் காயாத தலைகளோடு. காலை மாற்றி மாற்றி வைக்கிற ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம். விமான நிழலைத் தேடி நடக்கிற ஒரு பெரியவர்.

அங்கே கூடியிருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கையில் இருந்தது செல்போன்தான். போனில் எல்லாமே தெளிவாக விழுவதற்கும் இதே கணக்குதான் காரணம். எஃப்/1.8 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஆறேழு மில்லிமீட்டர்தான். துளை நாலு மில்லிமீட்டரைத் தொடாது. ஆகவே பின்னணியைக் கலைப்பதற்கு அது மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு பெண் தன் தங்கையை ‘போர்ட்ரெய்ட்’டில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தேன்: விமானம் பஞ்சாகப் பறந்தது, கூடவே தங்கையின் மல்லிகைச் சரத்தின் தொங்கல் நுனியும் காணாமல் போயிருந்தது. சரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று போனால் நிதானிக்க முடியவில்லை.

டிரைப் தஞ்சாவூரில் செய்த பெரிய காரியம் கோபுரப் படமல்ல. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கியிருக்கிறார். ராஜராஜனும் அக்கன் குந்தவையும் கொடுத்த கொடைகள், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசை என்று இந்தக் கோயிலின் கல் முழுக்க எழுத்து. அந்த எழுத்துகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்துத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சிட்டதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான். டிரைப்புக்கு அதில் ஓரெழுத்தும் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு வரியும் மங்காமல் எடுத்திருக்கிறார்.

கல்வெட்டின் முன்னால் உட்கார்ந்தபோது வேறொரு விஷயம் பிடிபட்டது. சுவர் தட்டையானது. கேமராவின் முதுகைச் சுவருக்குச் சரியாக இணையாக வைத்துவிட்டால் எல்லா எழுத்தும் ஒரே தூரம். எஃப்/4 போதும், ஆழமே தேவையில்லை. உடம்பை ஒரு சாண் இடப்பக்கம் சாய்த்தால் வலக்கோடி எழுத்துகள் மங்கத் தொடங்கிவிடுகின்றன. அப்போதுதான் எஃப்/8, எஃப்/11 என்று எண்ணை ஏற்ற வேண்டியிருக்கும். நிற்கும் கோணத்தில் கிடைப்பதைத் துளையில் போய்த் தேடுவது வீண் செலவு. அடித்தளத்தில் உருண்டையாகப் புடைத்திருக்கும் குமுத வரியில் மட்டும் இந்தத் தந்திரம் செல்லாது. ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/4-இல் கிடைக்கும் ஆழம் பத்து செ.மீ.க்கும் குறைவு. நடுவில் புடைத்த வரி பளிச்சென்று இருக்க, மேலே உள்வாங்கும் வரி கரைந்துவிடுகிறது. எஃப்/8-இல் ஆழம் ஏறத்தாழ இரட்டிப்பாகி மேல்வரியும் திரும்பி வந்தது. சாய்வான காலை வெயில் ‘ண’கரத்தின் சுழிக்குள் நிழலை நிரப்பியிருந்தது. துளைக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் உச்சி வெயிலில் அந்தச் சுழி தெரியாது.

முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். தொல்லியல் துறைச் சின்னங்களில் பொதுவான விதி அது. கூட்டம் நடமாடும் இடத்தில் நியாயமான விதியும்கூட. ஆனால் அதனால் கணக்கின் ஒரு கை கட்டப்பட்டுவிடுகிறது. நேரத்தை இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. திருச்சுற்று மாளிகையின் இருட்டில் ஆழம் வேண்டுமானால் ஐஎஸ்ஓவை ஏற்றித் துகள்துகளாக வரும் படத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். நான் தூணையே நம்பினேன்.

டிரைப்பின் தஞ்சாவூர்த் தொகுப்பில் திருவையாறும் சேர்த்தி. டவுன் பஸ்ஸில் போனேன். காவிரியில் தண்ணீர் இல்லாத பருவம், படித்துறையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது அசோகா. வாழையிலைத் துண்டில் நெய் கசிய வைத்துக் கொடுத்தார்கள், சிவப்பேறிய மஞ்சளில். சாப்பாட்டுப் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சமாச்சாரம் இதில் இருக்கிறது: கிட்டே போகப் போக ஆழம் அடியோடு வற்றுகிறது. 50 மி.மீ. லென்ஸை 45 செ.மீ. தூரத்தில் எஃப்/2-இல் வைத்தால் தெளிவு ஒரு செ.மீ.கூட இல்லை. உருண்டையின் முன்பக்கத்து நெய்ப்பளபளப்பு விழும், மேலே வைத்த முந்திரி விழாது. எஃப்/8-இல் மூன்றரை செ.மீ. கிடைக்கும், முந்திரியும் இலையின் நரம்பும் சேர்ந்து வரும். ஆறிப்போன அசோகாவைத் தின்பதில் சுகமில்லை என்பதால் இரண்டு படத்தோடு கேமராவை மூடினேன்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகால். டிரைப் வந்தபோது இது பாழடைந்து கிடந்தது. ஆளுநர் நேப்பியர் காலத்தில்தான் செப்பனிட்டார்கள். இப்போது பார்ப்பது 1636-இல் கட்டிய அரண்மனையின் மிச்சம் மட்டும். அந்த மிச்சமே திகைக்க வைக்கிறது. ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தூண்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசையாகப் பின்னோக்கிப் போகிற தூண்கள். தெளிவின் ஆழத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டியதுபோல் இங்கே பார்க்கலாம்.

85 மி.மீ. லென்ஸை எடுத்துப் பத்து மீட்டரில் நிற்கும் தூணில் ஃபோகஸை நிறுத்தினேன். எஃப்/1.8-இல் ஆழம் ஒன்றரை மீட்டர். அந்த ஒரு தூண் மட்டும் சுண்ணாம்புப் பூச்சின் கீறல், யாரோ ஆணியால் செதுக்கிய காதலர் பெயர் எல்லாவற்றோடும் நின்றது, மற்றவை வெண்புகை. எஃப்/8-இல் ஏழரை மீட்டர். முன்னால் ஏழரை மீட்டரில் தொடங்கிப் பின்னால் பதினைந்து வரை. எஃப்/16-இல் ஆறு மீட்டரில் தொடங்கி முப்பது வரை. ஃபோகஸ் வைத்த தூணுக்கு முன்பக்கம் கிடைத்தது நாலு மீட்டர், பின்பக்கம் இருபது. ஆழம் இருபுறமும் சமமாக வளர்வதில்லை, பின்னால்தான் பாய்கிறது என்று படித்திருந்தேன். தூண்களை எண்ணிப் பார்த்தபோதுதான் மனதில் ஒட்டியது. 1.8-க்கும் 16-க்கும் வெளிச்ச வித்தியாசம் எண்பது மடங்கு. முதல் படம் விநாடியில் 500-இல் ஒரு பங்கில் எடுத்தது. கடைசிப் படத்துக்கு ஆறில் ஒரு பங்கு தேவைப்பட்டது. அதற்குள் கூரையடியிலிருந்து ஒரு புறா கிளம்பி, படத்தில் சாம்பல் இழுப்பாக மாறிவிட்டிருந்தது.

பக்கத்துத் தூணடியில் கல்யாண ஷூட். மாப்பிள்ளை பட்டு ஜிப்பாவில், பெண் அரக்கு நிறப் பாவாடை தாவணியில். புகைப்படக்காரருக்கு முப்பது வயதிருக்கும். கையில் 85 மி.மீ., எஃப்/1.4. நான் தூண் எண்ணுவதைப் பார்த்துவிட்டு அவரே வந்து பேச்சுக் கொடுத்தார்.

“சார் பில்டிங் எடுக்கிறீங்களா?”

“ஆமா. நீங்க பில்டிங்கையே கரைச்சிட்டீங்க போல?”

சிரித்தார். “கல்யாண வீட்டுல மூஞ்சிக்குத்தான சார் காசு குடுக்குறாங்க. தூணுக்கு யார் குடுப்பா?”

அவரை மடக்கிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, தொழில் தெரிந்த ஆள் என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது. “ஆனா ஒண்ணு சார், தனி ஆளுக்குத்தான் 1.4. ஜோடின்னா 2.8-க்குக் கீழ இறங்கவே மாட்டேன். மாப்ள கண்ணு ஷார்ப்பா விழுந்து பொண்ணு கண்ணு அவுட்டாச்சுன்னா ஆல்பத்தத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிருவாங்க.” கணக்கும் அவர் பக்கம்தான். மூன்று மீட்டர் தூரத்தில் 1.4-க்குப் பத்து செ.மீ. ஆழம், 2.8-க்கு இருபது. தோளில் சாய்ந்திருக்கும் முகத்துக்கும் நிமிர்ந்திருக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இருந்தாலும் எனக்கு உறுத்தல் போகவில்லை. டிக்கெட் எடுத்து, கேமராவுக்குத் தனி டிக்கெட் எடுத்து, நாயக்கர் மகாலுக்குள் வந்து, மகாலே தெரியாமல் ஒரு படம். ஏதாவது ஒரு வெள்ளைச் சுவர் போதாதா? பின்னணியைக் கரைப்பது முகத்துக்கு அழகுதான். ஆனால் பயணப் படத்தில் அதையே வழக்கமாக்கிக்கொண்டால் தஞ்சாவூர், மதுரை, மைசூர் எல்லாம் ஒரே மங்கல் நிறமாகிவிடும். 1932-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானவர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு ‘எஃப்/64’ என்றே பெயர் வைத்தார்கள். தங்கள் பெரிய கேமராக்களின் மிகச் சிறிய துளைகளில் ஒன்று அது. ஓவியம்போல் மங்கலாகப் படமெடுக்கும் அந்தக் காலத்து மோகத்துக்கு எதிர்ப்பு. பெயரிலேயே சண்டைக்கு நின்றார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும், எல்லாப் படத்துக்கும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றாலும்.

டிரைப் காலத்தில் துளையை மாற்றுவதும் லேசான வேலையல்ல. வளையத்தைத் திருகினால் தகடுகள் கூம்பும் இன்றைய ஏற்பாடு அப்போது பரவலாகவில்லை. டிரைப்பின் மதுரைத் தொகுப்புகள் வெளியான அதே 1858-இல்தான் இங்கிலாந்தில் ஜான் வாட்டர்ஹவுஸ் ஒரு வழி சொன்னார்: வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸ் குழலில் வெட்டிய பிளவுக்குள் செருகுவது. தகட்டைத் தொலைத்தால் அந்தத் துளை போயிற்று. நம் விரலடியில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அது போதாதென்று பலர் அதை ‘ஆட்டோ’விலேயே விட்டுவிடுகிறார்கள். ஊர் சுற்றும்போது ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்ற நிலையில் வைத்துத் துளையை நாம் வைத்துக்கொண்டு ஷட்டரைக் கேமராவிடம் விடுவது நல்லது. எதைத் தெளிய வைப்பது என்று மிஷினுக்கு எப்படித் தெரியும்?

மீனாட்சி கோயிலுக்குள் கேமராவும் கூடாது, போனும் கூடாது. பையைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போய்க் கும்பிட்டு வந்தேன்.

மறுநாள் ஒத்தக்கடை. டிரைப் யானைமலையை எடுத்திருக்கிறார், மதுரைப் பக்கம் வந்த யார்தான் எடுக்காமல் போவார்கள்? மேலூர் சாலையில் பஸ் திரும்பும்போதே படுத்த யானை தெரிந்துவிடுகிறது. நரசிங்கம் பக்கம் இறங்கி வயல் வரப்பில் நடந்தேன். நடவு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் சேற்றில் குனிந்து பின்னுக்கு நகர, நாற்று முடிகள் அங்கங்கே வீசிக் கிடந்தன. கிட்டத்தில் நாற்று, நடுவில் பெண்கள், பின்னால் மலை. தஞ்சாவூர்க் கணக்கேதான், ஆனால் இங்கே நடுவில் இருப்பவர்கள் அசைகிறவர்கள். குனிந்த கை ஒரு நொடிகூட நிற்காமல் நடுகிறது.

எஃப்/22 வைத்தால் எல்லாம் தெளியுமே என்று தோன்றும். தெளியாது. துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவத் தொடங்கும். எஃப்/8-இல் ஒரு புள்ளி நூறில் ஒரு மி.மீ. அளவுக்குப் பரவினால், எஃப்/22-இல் ஏறத்தாழ மூன்று மடங்கு பரவும். ஆழம் கூடும், கூர்மை மொத்தமாகத் தேயும். எஃப்/64-காரர்களுக்கு 8-க்கு 10 அங்குல ஃபிலிம் இருந்ததால் அந்தப் பரவலைத் தாங்கியது. நம் சென்சார் தாங்காது. ஆகவே 24 மி.மீ.யில் எஃப்/8, ஃபோகஸ் இரண்டரை மீட்டரில். நாற்று முடியிலிருந்து மலையின் முதுகு வரைக்கும் போதும். வெயில் கொளுத்தியதில் ஷட்டர் 400-இல் ஒரு பங்குக்கு ஓடியது. நடும் கை அப்படியே நின்றது, விரலிலிருந்து வழிகிற சேறோடு.

அவர்களில் மூத்த பெண்மணி முதுகை நிமிர்த்தி இடுப்பில் கை வைத்தார்.

“தம்பி, எங்களத்தான் எடுக்குறீகளா? மலையும் விழுமா?”

“விழும்மா. எல்லாம் விழும்.”

“அப்பக் காட்டுங்க.”

வரப்போரம் வந்து, சேற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். நான் படத்தைப் பெரிதாக்கி நகர்த்தினேன். முதலில் தன் முகத்தைத் தேடினார், கிடைத்தது. பக்கத்தில் நட்டவளின் முகம். அப்புறம் மலை. “அடியே, நம்ம மலைய அப்படியே உரிச்சு வச்சிருக்கு!” என்று பின்னால் குரல் கொடுத்தார். போதும் என்று கேமராவை இழுக்கப் போனேன், விடவில்லை. திரையின் மூலையை முழங்கையால் காட்டினார். மலையடியில், பம்ப்செட் ரூம் சுவரோரம், நான் எடுக்கும்போது கவனிக்கவே கவனிக்காத ஏதோ ஒன்று. பெரிதாக்கினேன். ஒரு சைக்கிள், ஹேண்டில்பாரில் நீலத் துண்டு.

“எங்க வீட்டுக்காரரு சைக்கிளுல்ல அது? மடையத் தொறக்கப் போறேன்னு காலம்பறப் போன மனுசன், ரூம்புக்குள்ள படுத்துத் தூங்குறாரு போல!” என்றவர், நாற்று முடியை வரப்பில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பக்கமாக நடையைக் கட்டினார்.